‘அம்மை மாதிரி இருக்கு’ என்றால் எந்த அம்மை? ருபெல்லாவையும் அதைப் போன்ற தடிப்புகளையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் பிரிவிலும் தடுப்பூசி அறையிலும் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். மாசி, பங்குனி வந்துவிட்டால் உடம்பெல்லாம் புள்ளியோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். “அம்மை மாதிரி இருக்கு சிஸ்டர்” என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வரி. அதற்குப் பிறகு வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். வாசித்துவிட்டு வீட்டிலேயே நோயை முடிவு செய்துவிடாதீர்கள். மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

ருபெல்லாங்கிறது என்ன? அதுவும் அம்மைதானா?

நம் ஊரில் காய்ச்சலோடு உடம்பில் புள்ளி வந்தாலே அம்மை என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரே சொல்லுக்குள் தட்டம்மை, சின்னம்மை, ருபெல்லா எல்லாம் அடங்கிவிடுகின்றன. கன்னம் வீங்கும் பொன்னுக்கு வீங்கியைக்கூட புட்டாளம்மை என்கிறோம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வைரஸால் வருபவை. ஒன்று வந்து போனால் இன்னொன்று வராது என்ற கணக்கெல்லாம் கிடையாது.

ருபெல்லா அவற்றில் ஒன்று. இருமல், தும்மல் வழியாகப் பரவும். குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் லேசாகவே வந்து போய்விடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாவற்றையும் அது தாக்கும். இந்தப் பக்கத்தை நான் எழுதியதே அந்தக் குழந்தைக்காகத்தான்.

ஜெர்மன் தட்டம்மைன்னு எழுதியிருக்காங்களே, ஜெர்மனியில இருந்து வந்ததா?

இல்லை. இது தனி நோய் என்று 18ஆம் நூற்றாண்டில் முதலில் எழுதிவைத்தவர்கள் ஜெர்மன் மருத்துவர்கள், அதனால் அந்தப் பெயர். ருபெல்லா என்ற பெயரை 1866இல் முன்வைத்தவர் ஹென்றி வீல் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். இந்தியாவில் ஒரு பள்ளியில் பரவிய நோயைப் பார்த்துத்தான் அவர் எழுதினார். ‘சின்னச் சிவப்பு’ என்பது போன்ற லத்தீன் சொல் அது. இலங்கைத் தமிழர்கள் தட்டம்மையைச் சின்னமுத்து என்பார்கள். அங்கிருந்து பேசும் உறவினர் அந்தப் பெயரைச் சொன்னால் சின்னம்மை என்று நினைத்துக் குழம்பாதீர்கள்.

ருபெல்லா வந்தா எப்படி இருக்கும்?

கிருமி தொற்றியதிலிருந்து இரண்டு, இரண்டரை வாரம் கழித்துத்தான் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குத் தடிப்புதான் முதல் அடையாளம். முகத்தில் ஆரம்பித்து, ஒரே நாளில் கழுத்து, மார்பு, கை, கால் என்று இறங்கிவிடும். புள்ளிகள் சின்னதாக, ஒன்றோடொன்று அதிகம் சேராமல் இருக்கும். மூன்று நாளில் மறைந்துவிடும். கீழே இறங்கும்போதே முகத்தில் மங்கத் தொடங்கியிருக்கும். காய்ச்சல் லேசாக இருக்கும், சில பிள்ளைகளுக்கு இருக்காது.

நான் முதலில் தொட்டுப் பார்ப்பது காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான். அங்கே பட்டாணி போல நெறி கட்டியிருக்கும், தொட்டால் வலிக்கும். தடிப்பு வருவதற்குச் சில நாள் முன்பே கட்டிவிடுவதால், “தலை வாரும்போது வலிக்குதுன்னு அழுதா” என்று சில அம்மாக்கள் சொல்வார்கள். இது ருபெல்லாவை நினைக்க வைக்கும் நல்ல அடையாளம். ஆனால் வேறு வைரஸ் காய்ச்சல்களிலும், தலையில் புண்ணோ பேனோ இருந்தாலும் அங்கே நெறி கட்டும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

தொற்று வந்தவர்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை எந்த அடையாளமும் இல்லாமலே கடந்துவிடுகிறார்கள். ‘எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை’ என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தட்டம்மைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?

படத்தில் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தட்டம்மை வந்த பிள்ளை வாடிப்போய் இருக்கும். முதல் மூன்று நான்கு நாள் கடுமையான காய்ச்சல், விடாத வறட்டு இருமல், ஒழுகும் மூக்கு, வெளிச்சம் பட்டால் கூசும் சிவந்த கண். அதற்குப் பிறகுதான் தடிப்பு வரும். தடிப்பு வரும்போது காய்ச்சல் இன்னும் ஏறும். ருபெல்லா வந்த பிள்ளை பல சமயம் தடிப்போடே விளையாடிக்கொண்டிருக்கும்.

தட்டம்மைப் புள்ளிகள் முகத்திலும் கழுத்திலும் ஒன்றோடொன்று கலந்து படையாகிவிடும். ஐந்தாறு நாள் இருக்கும். மறையும்போது பழுப்பு நிறத் தழும்பு போலத் தங்கி, தோல் பொடியாக உதிரும். மணல்வாரி என்ற பழைய பெயர், மணலை வாரி இறைத்தது போன்ற அந்தத் தோற்றத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ருபெல்லா பெரும்பாலும் சுவடு வைக்காமல் போய்விடும்.

இன்னொன்று வாய்க்குள் இருக்கிறது. தட்டம்மையில் தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பே, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் உப்புக்கல் போன்ற வெள்ளைப் புள்ளிகள் சிவந்த தரையில் தெரியும். கோப்லிக் புள்ளிகள் என்பார்கள். இருந்தால் தட்டம்மை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். தடிப்பு வந்து இரண்டு நாளில் இந்த வெள்ளைப் புள்ளிகள் மறைந்துவிடும், அதனால் தாமதமாக வந்தால் பார்க்க முடியாது. தட்டம்மையில் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் வந்து குழந்தைகள் இறக்கிறார்கள். மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

எங்க பிள்ளை கறுப்புங்க. சிவப்பாப் புள்ளி வரும்னு சொல்றாங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே?

இது மிக நியாயமான கேள்வி. புத்தகப் படங்களும் இணையப் படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் பிள்ளைகளின் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. தோலின் நிறத்தைவிடக் கொஞ்சம் கருத்தோ, ஊதா கலந்தோ, சில சமயம் வெறும் சொரசொரப்பாகவோ மட்டும் இருக்கும். ருபெல்லாத் தடிப்பு லேசானது என்பதால் முழுவதுமாகத் தவறிப்போகலாம்.

டியூப் லைட்டில் பார்க்காதீர்கள். பகலில் சன்னல் பக்கம் கொண்டுபோய், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பாருங்கள். புறங்கையால் தடவிப் பாருங்கள். வயிறு, முதுகு, உள்ளங்கை போன்ற நிறம் குறைந்த இடங்களைப் பாருங்கள். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ருபெல்லா நாளைக்கே மங்கிவிடும், மருத்துவர் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது.

இது சின்னம்மையா இருக்குமோ?

இதைப் பிரிப்பது சுலபம். சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் வரும், அரிக்கும், உடைந்து பொருக்குத் தட்டும். ஒரே நேரத்தில் புள்ளி, கொப்புளம், பொருக்கு மூன்றும் உடம்பில் இருக்கும். ருபெல்லாவில் நீர்க் கொப்புளமே கிடையாது. கொப்புளம் உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் மட்டும் இருந்தால் கை, கால், வாய் நோயாக இருக்கலாம். 2022இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசப்பட்டதும் அந்த வகைதான்.

மூணு நாள் நெருப்பாக் காய்ச்சல். விட்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்டா உடம்பெல்லாம் புள்ளி. ஏன்?

ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இப்படி வந்தால் பெரும்பாலும் ரோசியோலாவாக இருக்கும். காய்ச்சல் இறங்கிய பிறகு தடிப்பு வருவதுதான் இதன் அடையாளம். முகத்தைவிட மார்பிலும் முதுகிலும் அதிகம் தெரியும். ஓரிரு நாளில் போய்விடும். காய்ச்சலுக்கு நடுவில் மருந்து கொடுத்திருந்தால் எல்லோரும் மருந்து அலர்ஜி என்று நினைத்துவிடுவார்கள். அதனால் எந்தத் தேதியில் காய்ச்சல், எப்போது விட்டது, எப்போது புள்ளி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாருங்கள். எனக்கு அது பல பரிசோதனைகளைவிட உதவியாக இருந்திருக்கிறது.

தொண்டை வலின்னு சொன்னான், இப்ப தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரங்குது. இதுவும் ருபெல்லாவா?

ஸ்கார்லெட் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். இது வைரஸ் இல்லை, பாக்டீரியா. தொண்டை வலி கடுமையாக இருக்கும், நாக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழம் போலச் சிவந்து மொட்டு மொட்டாக இருக்கும், அக்குளிலும் தொடை இடுக்கிலும் தடிப்பு கூடுதலாக இருக்கும். மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாள் வரை முழுவதும் கொடுக்க வேண்டும். பாதியில் விட்டால் பிறகு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். ருபெல்லாவுக்கு ஆன்டிபயாட்டிக் எந்தப் பயனும் தராது.

டெங்குவிலயும் தடிப்பு வருமாமே? எப்படிப் பிரிக்கிறது?

வரும், அதனால்தான் மழைக்காலத்தில் நாங்கள் கூடுதல் கவனமாக இருக்கிறோம். டெங்குவில் காய்ச்சல் திடீரென்று உச்சத்துக்குப் போகும். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறித்துப் போட்டது போன்ற வலி இருக்கும். தட்டம்மை போல இருமலும் மூக்கொழுகலும் முன்னணியில் இருக்காது. காய்ச்சல் குறையும் சமயத்தில் கை கால்களில் சிவந்த பரப்பும், நடுநடுவே வெள்ளைத் திட்டுகளும் தெரியலாம். தோலுக்கடியில் ஊசி குத்தியது போன்ற ரத்தப் புள்ளிகளும் வரலாம்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையாதீர்கள். டெங்குவின் ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் இருக்க வேண்டும். என்ன காய்ச்சல் என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் இபுபுரூபனும் வேண்டாம்.

இதே இடத்தில் உண்ணிக் காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இது அபூர்வமில்லை. தோட்டம், புதர்ப் பக்கம் போய்வந்தவர்களுக்குக் காய்ச்சல் நீடித்தால், அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு இங்கெல்லாம் பீடி சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. அதற்குத் தனி மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

எனக்கு 28 வயசு. தடிப்போட விரல் மூட்டெல்லாம் வலி. சிக்குன்குனியாதானே?

இருக்கலாம். ஆனால் வயதுக்கு வந்த பெண்களுக்கு ருபெல்லா வந்தாலும் விரல், மணிக்கட்டு, முழங்கால் வலிக்கும். பத்தில் ஏழு பேர் வரைகூட இந்த வலி வருவதுண்டு. சில வாரங்களில் போய்விடும். சிக்குன்குனியாவில் காய்ச்சல் மிகக் கடுமையாக இருக்கும், நடக்க முடியாமல் போகும், வலி மாதக்கணக்கில் இழுக்கும். மூன்றாவது ஒன்றும் உண்டு, பார்வோ வைரஸ். பிள்ளைகளுக்கு அது வந்தால் இரண்டு கன்னமும் அறைந்தது போலச் சிவந்து, பிறகு கை கால்களில் வலை பின்னியது போலத் தடிப்பு வரும். பெரியவர்களுக்குப் பல சமயம் மூட்டு வலிதான் முதலில் தெரியும். கர்ப்பிணிகளுக்கு அதுவும் கவனிக்க வேண்டிய தொற்றுதான்.

இந்த மூன்றையும் பார்த்தே பிரிப்பது கஷ்டம். ரத்தப் பரிசோதனை வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

புது மருந்து கொடுத்தோம், அடுத்த நாள் தடிப்பு. மருந்தால வந்ததா, வைரஸா?

அரிப்பு அதிகமாக இருந்து, தடிப்பு ஓரிடத்தில் எழும்பி சில மணி நேரத்தில் மறைந்து வேறிடத்தில் எழும்பினால் அது காணாக்கடி வகை. மருந்து, உணவு, பூச்சிக்கடி எதுவும் காரணமாகலாம். மருந்து ஒவ்வாமை தட்டம்மை போலவே பரவலாகவும் வரலாம், பல சமயம் மருந்து ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து. மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள். உதடு, கண், வாய்க்குள் புண் வந்தாலோ தோல் உரிந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும்.

எதுவா இருந்தாலும் சரி, எந்த அடையாளம் இருந்தா ராத்திரியே கிளம்பணும்?

ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளி மேல் அழுத்துங்கள். ருபெல்லாத் தடிப்பு அழுத்தினால் மங்கும். மங்காத ஊதாப் புள்ளி தோலுக்கடியில் கசிந்த ரத்தம். காய்ச்சலோடு அது இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சிரைப்பு, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், கழுத்தை வளைக்க முடியாமை, மேலே டெங்குவுக்குச் சொன்ன அடையாளங்கள் இவையும் அப்படித்தான்.

இன்னொன்று அவசரமாகத் தெரியாது, ஆனால் நாள் முக்கியம். காய்ச்சல் ஐந்து நாள் ஆகியும் விடவில்லை, கண் பீளையில்லாமல் சிவந்திருக்கிறது, உதடு வெடித்துச் சிவந்திருக்கிறது, கை கால் வீங்கியிருக்கிறது என்றால் கவாசாகி நோயா என்று பார்க்க வேண்டும். இதயத்தின் ரத்தக் குழாயைப் பாதிக்கும் நோய் அது. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் சிகிச்சை கொடுத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

அம்மாதான் வந்திருக்கா. வேப்பிலை வெச்சு, தண்ணி ஊத்தினா போதாதா? ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க.

எங்கள் வீட்டிலும் வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பது, இளநீரும் மோரும் கொடுப்பது, வெளியாட்களை உள்ளே விடாதது, இதெல்லாம் நல்ல பழக்கம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும் யாரும் தடுக்கவில்லை. அதோடு ஒரு முறை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். தட்டம்மையாக இருந்தால் வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்க வேண்டும், அது கண்ணையும் உயிரையும் காக்கும். மாமியாரிடம் நான் சொல்வது: “அம்மா எந்த அம்மான்னு தெரிஞ்சுக்கலாம், கும்பிடறத நிறுத்த வேண்டாம்.” பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

அனுபவம் உள்ள டாக்டர் பார்த்தா தெரியாதா? எதுக்கு ரத்தம் எடுக்கறீங்க?

ருபெல்லாவைக் கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேலே படித்த அத்தனை நோய்களும் அதன் வேடத்தில் வரும். காய்ச்சலும் தடிப்பும் வந்த பிள்ளையைப் பற்றிச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போவதும், ரத்தம் எடுத்துத் தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் பார்ப்பதும் அதனால்தான். ஒரு தெருவில் ருபெல்லா இருக்கிறது என்று தெரிந்தால், அந்தத் தெருவில் இருக்கும் கர்ப்பிணிகளை எச்சரிக்க முடியும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து கேட்டால் சொல்லுங்கள். உங்களைக் குற்றம் சொல்ல யாரும் வரவில்லை.

ஐஜிஎம் டெஸ்ட் நெகட்டிவ். அப்ப ருபெல்லா இல்லைதானே?

ஐஜிஎம் என்பது புதிதாகத் தொற்று வந்ததும் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள். எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தடிப்பு வந்த அன்றே எடுத்தால் ருபெல்லா உள்ளவர்களில் பாதிப் பேருக்கு நெகட்டிவ் வந்துவிடும். ஐந்து நாள் கழித்து எடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும். அதனால் சில நேரம் மறுபடி எடுக்கச் சொல்வோம். பாசிட்டிவ் என்பதும் சில சமயம் ஏமாற்றும். முன்பு சொன்ன பார்வோ வைரஸ் தொற்றிலும் ருபெல்லா ஐஜிஎம் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம்.

வீட்ல பிள்ளைக்குத் தடிப்பு. மருமக ரெண்டு மாசம் முழுகாம இருக்கா. என்ன பண்றது?

இந்தக் கேள்வியைத்தான் யாராவது முதல் நாளே கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வருவதைப் பார்த்தார். அவர் எழுதிய 78 குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது. முதல் மூன்று மாதத்துக்குள் தொற்று வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம் என்று இன்று தெரியும். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு, மூளை வளர்ச்சிக் குறைவு எல்லாம் இதில் அடங்கும். 20 வாரத்துக்குப் பிறகு அந்த ஆபத்து மிகக் குறைவு.

மருமகளைத் தனி அறையில் வையுங்கள். ஆனால் தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பிள்ளை பரப்பியிருக்கும், எனவே இப்போது பிரித்தது மட்டும் போதாது. அன்றோ மறுநாளோ மகப்பேறு மருத்துவரிடம் போய், ‘வீட்டில் தடிப்பு இருக்கிறது’ என்று சொல்லி ருபெல்லா ஐஜிஜி (பழைய தொற்றாலோ ஊசியாலோ ரத்தத்தில் தங்கியிருக்கும் எதிர்ப்புப் பொருள்) பார்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் மற்ற கர்ப்பிணிகளோடு உட்காராமல், வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஐஜிஜி இருந்தால் பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, பெரிய நிம்மதி. இல்லையென்றால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். பிள்ளைக்கும் அதே நேரம் பரிசோதனை செய்துவிட்டால், அது ருபெல்லாவே இல்லை என்று தெரிந்து எல்லோரும் தூங்கலாம்.

டார்ச் டெஸ்ட்ல ருபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ்னு வந்திருக்கு. குழந்தைக்கு ஆபத்தா?

டார்ச் என்பது கர்ப்பத்தைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கு மொத்தமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனை. அழுதுகொண்டு வருபவர்களில் பாதிப் பேர் இந்தக் காகிதத்தோடுதான் வருகிறார்கள். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்திருக்கிறது, அல்லது தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் மட்டும் மேலும் பார்க்க வேண்டும், அதற்கு ‘அவிடிட்டி’ என்ற பரிசோதனை இருக்கிறது. தொற்று புதியதா, பழையதா என்று பிரிக்க அது உதவும். தடிப்போ தொடர்போ எதுவும் இல்லாதவர்களுக்கு மொத்தமாக டார்ச் எடுப்பதால் பயம்தான் மிஞ்சுகிறது என்பது என் கருத்து. ஒரே ஒரு ஐஜிஎம் முடிவை வைத்துக் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எல்லா ஊசியும் போட்டாச்சே, அப்புறம் எப்படி வரும்?

முதலில் எந்த ஊசி என்று அட்டையைப் பாருங்கள். அரசுத் தடுப்பூசியில் 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) ஊசி உண்டு. இரண்டும் போட்டிருந்தால் அது வேறு வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் தடிப்பும் வந்தால் ஊசியாலேயே வந்திருக்கலாம். அது தானாகப் போய்விடும்.

தமிழ்நாட்டில் எம்.ஆர். முகாம் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்குள் இருந்தவர்களுக்குப் போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தியால் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் இருந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். அப்போது 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள், தனியாரில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) போட்டிருந்தால் தவிர, ருபெல்லா ஊசி போடாதவர்கள். இன்று கல்யாணமாகி முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களில் பலர் அவர்கள்தான். கருத்தரிக்கும் முன் மருத்துவரிடம் கேட்டு ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் தள்ளிக் கருத்தரியுங்கள்.

பிள்ளைய எத்தனை நாள் ஸ்கூலுக்கு அனுப்பாம இருக்கணும்?

ருபெல்லா என்றால் தடிப்பு வந்த நாளிலிருந்து ஏழு நாள். தட்டம்மை என்றால் நான்கு நாள், ஆனால் பிள்ளைக்குத் தெம்பு வர இன்னும் ஆகும். டீச்சருக்கும் சொல்லிவிடுங்கள், அவர் கர்ப்பமாக இருக்கலாம்.

கர்ப்பம்னு தெரியாம எம்.எம்.ஆர். ஊசி போட்டுக்கிட்டேன். கலைச்சிடணுமா?

வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைத் தெரிந்தே போடுவதில்லை, அது முன்னெச்சரிக்கைக்காக. தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்ததில், ஊசியால் பிறவி ருபெல்லாப் பாதிப்போடு குழந்தை பிறந்ததாகத் தெரியவில்லை. கர்ப்பத்தைக் கலைக்க இது காரணமே ஆகாது. ஊசி போட்ட தேதியையும் கடைசி மாதவிடாய்த் தேதியையும் அட்டையில் எழுதி, உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு, வழக்கமான ஸ்கேன்களுக்குப் போய்வாருங்கள்.